அடிவரியில் இருப்பவர்

காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. போட்டோக்காரி ஸ்டுடியோவின் இரும்பு ஷட்டரைப் பாதி வரை தூக்கிவிட்டுக் குனிந்து உள்ளே போனாள். பின்னாலேயே அவளுடைய கொழுந்தன், தொப்பை இடிக்க, முனகிக்கொண்டே நுழைந்தான்.

"முழுசாத் தூக்கக் கூடாதா அண்ணி? நான் என்ன எலியா?"

"எலியா இருந்தா இவ்வளவு சிரமமே இல்ல. வா உள்ளே."

கொழுந்தனை வீட்டில் எல்லோரும் 'ஒயர்' என்றுதான் கூப்பிடுவார்கள். எந்தப் பையில் கைவிட்டாலும் ஒரு ஒயர் வரும். ஊரில் பாதிக் கடைகளுக்கு இணையதளம் செய்து கொடுத்தவன். இந்த ஸ்டுடியோவுக்கும் அவன்தான் செய்தான், பெரியப்பா உயிரோடு இருந்தபோது.

பெரியப்பா, அவளுடைய அப்பாவின் அண்ணன். தாய் தகப்பன் இல்லாத பெண்ணை வளர்த்து ஆளாக்கி, கையில் கேமராவைக் கொடுத்தவர். கொடுத்த பிறகு கல்லாவில் உட்கார்ந்தவர்தான், எழுந்திருக்கவே இல்லை. வெள்ளம் வந்தபோது இடுப்பளவு தண்ணீரில் நின்று படம் எடுத்தவள் அவள். ஆலை எரிந்தபோது புருவம் பொசுங்க வாசலில் நின்றவளும் அவள். ஆனால் ஒவ்வொரு படத்துக்கும் கீழே அவர் பெயர். கேட்டால் சிரிப்பார். "கடை என்னுது, கேமரா என்னுது, அப்புறம் பேரு மட்டும் உன்னுதா?"

2021இல் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகள் இல்லை. கடை அவளுக்கு வந்தது. பெயர் வரவில்லை.

இப்போது ஒரு பதிப்பகம் அந்தப் படங்களைப் புத்தகமாகப் போடுகிறது. நேற்று அங்கிருந்து ஒரு பெண் பேசினாள். "மேடம், படம் எல்லாம் நீங்க எடுத்ததுன்னு சொல்றீங்க. உங்க இணையதளத்துல அடியில அவர் பேருதானே இருக்கு? எங்க வக்கீல் அதைத்தான் பார்ப்பார். நாளைக்குச் சாயங்காலம் அட்டை அச்சுக்குப் போகுது. அதுக்குள்ள மாறலேன்னா அவர் பேருதான்."

முன்னறை மேசையில் ஒயர் மடிக்கணினியைத் திறந்தான். பக்கத்தின் அடியில், சாம்பல் நிறப் பொடி எழுத்தில் அந்த வரி இருந்தது. பதிப்புரிமை 1996–2025, அதையடுத்து பெரியப்பாவின் முழுப் பெயர். அனைத்து உரிமைகளும் அவருக்கே.

"அவர் போய் எத்தனை காலமாச்சு! இந்த வருஷம் எப்படி வந்துச்சு?"

ஒயர் தலையைச் சொறிந்தான். "என் தப்புதான் அண்ணி. ஜனவரி பிறந்தா எல்லாக் கடைக்காரனும் போன் போட்டு, வருஷத்தை மாத்து, வருஷத்தை மாத்துன்னு உயிரை எடுப்பான். அதனால கடிகாரத்துலேருந்து தானா எடுத்துக்கிற மாதிரி எழுதிவிட்டுட்டேன். யார் இருக்காங்க, யார் போயிட்டாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்?"

"அப்போ மனுஷன் போன பிறகும் வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டு இருக்காரு."

சிரிப்புக்குத்தான் சொன்னாள்.

உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

"பூனை..." என்றான் ஒயர்.

"பூனை செருமுமா?"

ஒயர் மடிக்கணினிப் பக்கம் திரும்பினான். விறுவிறுவென்று பழைய பெயரை அழித்தான், அவள் பெயரை அடித்தான், பக்கத்தைப் புதுப்பித்தான். அடியில் அவள் பெயர் வந்தது. முதல்முறையாக. போட்டோக்காரி அதைப் படித்து முடிப்பதற்குள் எழுத்துகள் மங்கின. துணியில் கறை ஊறுவதுபோல அதே இடத்தில் பெரியப்பாவின் பெயர் மேலெழும்பி வந்தது.

"பழைய பக்கத்தை ஞாபகம் வச்சிருக்கும் அண்ணி, சில நேரம் அப்படித்தான்," என்றான். அவன் குரலிலேயே அந்த நம்பிக்கை இல்லை. தன் செல்போனில் பார்த்தான். அதிலும் அவர்தான். அவள் போனில் பார்த்தான். அதிலும் அவர்தான். இணையதளத்தின் உள்ளே, அவன் எழுதிய இடத்தில், அவள் பெயர் அப்படியே இருந்தது. வெளியே காட்டுவது மட்டும் வேறு.

அப்போதுதான் வாடை வந்தது. படம் கழுவும் மருந்தின் புளித்த, கண்ணைக் கரிக்கும் வாடை. இருட்டறைத் தொட்டிகளை அவள் எப்போதோ எடைக்குப் போட்டுவிட்டாள்.

"அண்ணி, விட்டுடலாமா?" என்று கிசுகிசுத்தான்.

"எதை? என் பேரையா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அவர் பேரை அழிக்க வேண்டாம். கடை அவருதுதான், இருக்கட்டும். அந்தக் கடிகாரத்தை எடு. வருஷத்தைக் கையால போடு. 1996இலிருந்து 2021."

ஒயர் விசையிலிருந்து விரலை எடுத்தான். "அது கல்லறையில எழுதற மாதிரி இருக்கு அண்ணி."

"அங்கே எழுதின கடைசி வருஷத்தைத்தானே இங்கேயும் எழுதச் சொல்றேன்? அடி."

அடித்தான்.

1996–2021. வரி அசையாமல் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது. ஒயர் மெல்ல மூச்சை விட்டான்.

உள்ளறையில் ஒரு செருப்பு தரையில் தேய்ந்தது.

2022.

யாரும் விசையைத் தொடவில்லை. இன்னொரு தேய்ப்பு, சற்றுக் கிட்டத்தில்.

2023.

"அண்ணி..."

2024.

உள்ளறை வாசலில் தொங்கிய கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் வந்து நின்றது.

2025.

அதோடு முடியவில்லை. அந்த வரிக்குக் கீழே புதிதாக ஒரு வரி தானாக எழுதிக்கொண்டது. போட்டோக்காரியின் பெயர். அவள் கேமராவைப் பிடித்த வருஷம் 1999. பிறகு ஒரு கோடு. பிறகு, நிதானமாக, ஒவ்வோர் எண்ணாக, 2025.

ஒயரின் முகம் வெளுத்துவிட்டது. "அண்ணி, இது டிசம்பர் கடைசி. உங்களுக்கு நாள் குறிக்குது. புத்தகமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். எழுந்திருங்க. அண்ணனுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

அவள் எழுந்தாள். வாசல் பக்கம் அல்ல.

திரையை ஒரே இழுப்பில் விலக்கினாள்.

பகலிலும் விடியாத அறை அது. நான்கு சுவரிலும் கறுப்புத் துணி. கண் பழகுவதற்குள் பிடரியில் குளிர்ந்த மூச்சு பட்டது. நரம்பெல்லாம் ஓடு, ஓடு என்றது. அவள் ஓடவில்லை.

"பெரியப்பா. மிரட்டறதை நிறுத்துங்க."

மூச்சு நின்றது.

"சோறு போட்டீங்க. படிக்க வச்சீங்க. இல்லேன்னு எந்தச் சபையிலேயும் சொல்ல மாட்டேன். ஆனா தண்ணிக்குள்ள நின்னது என் காலு. நெருப்புல வெந்தது என் புருவம். பொத்தானை அழுத்தினது இந்த விரலு." இருட்டில் விரலை நீட்டிக் காட்டினாள். "படம் எடுத்தவங்களுக்குத்தான் உரிமைன்னு ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, பக்கத்து ஸ்டுடியோக்காரன் நம்ம படத்தை எடுத்துப் போட்டப்போ எப்படிக் குதிச்சீங்க! அந்த நியாயம் எனக்கு மட்டும் இல்லையா?"

மூலையில் விளக்கு ஒன்று எரிந்தது. மின்கம்பி பிடுங்கிய விளக்கு.

அதன் வெளிச்சத்தில், முக்காலியின் மேல், பெரியப்பாவின் முதல் கேமரா இருந்தது. லென்ஸ் இல்லாத, வெறும் பெட்டியான கேமரா. அதன் ஓட்டை அவளை நோக்கித் திரும்பியது.

கேமராவுக்கு எதிரே வாடிக்கையாளர் உட்காரும் ஸ்டூல். போட்டோக்காரி அதில் போய் உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டாள். முகவாயைத் தூக்கினாள்.

"உரிமை வேணும்னா உழைச்சு வாங்கிக்கங்க. எடுங்க பார்ப்போம்."

அறை முழுக்க ஒரு வெண்மை வெடித்தது.

பிறகு இருட்டு.

அவள் வெளியே வந்தபோது ஒயர் இரண்டு கால்களையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மடிக்கணினியின் திரையைக் காட்டினான்.

அடியில் ஒரே வரி. அவள் பெயர். 1999, அப்புறம் ஒரு கோடு. கோட்டுக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை.

"கோட்டை எடுத்துடவா அண்ணி? பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு."

"இருக்கட்டும். நான் இன்னும் முடிக்கல."

பத்து முறை புதுப்பித்துப் பார்த்தான். வரி மாறவில்லை. அவள் பதிப்பகத்துக்குப் போன் போட்டாள். அந்தப் பெண் பேசிக்கொண்டே பக்கத்தைத் திறந்து பார்த்தாள். "சரியா இருக்கு மேடம். அட்டை உங்க பேர்லயே போகுது." போட்டோக்காரி போனை வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்து வாடை என்று ஒயரிடம் சொன்னாள்.

"அண்ணி... மேலே பாருங்க."

இணையதளத்தின் முகப்பில் புதிதாக ஒரு படம் ஏறியிருந்தது. கறுப்புத் துணி, ஸ்டூல், சேலை, தூக்கிய முகவாய். அவள்தான். சற்று முன்னால் எடுத்தது.

"அழிச்சிடறேன்," என்று விசைக்குப் பாய்ந்தான் ஒயர்.

"கையை எடு."

அவள் குனிந்து, தொழில்காரியின் கண்ணோடு பார்த்தாள். படம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. நெற்றி பாதி வெட்டுப்பட்டிருந்தது. முகம் மங்கல், பின்னால் இருந்த துணியின் சுருக்கம் மட்டும் துல்லியம்.

"கண்றாவி," என்றாள். "ஆனா எடுத்திருக்காரு. கீழே அவர் பேரைப் போடு."

ஒயர் பெயரை அடித்தான். பிறகு நிறுத்தினான்.

"வருஷம் எது போட, அண்ணி? அவர் தவறின வருஷமா?"

"தவறின வருஷத்துலயா எடுத்தாரு? 2025 போடு."

போட்டான்.

உள்ளே, கறுப்புத் திரைக்குப் பின்னால், அடுத்த படத்துக்காக யாரோ ஃபிலிமைச் சுற்றும் சத்தம் மெதுவாகக் கேட்டது.

போட்டோக்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாளைக்கு, பெரியப்பா. இப்போ எனக்கு வேலை இருக்கு."