வெள்ளைப் பட்டை இல்லாத ராஜா

“இது தப்பான பூச்சி!” என்று கத்தினாள் முக்தா.

ஏணி மேல் நின்று சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்த புண்டலிக் மாமா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“பூச்சியில என்னம்மா தப்பு, சரி? பூச்சின்னா பூச்சிதான். அந்தப் பசை வாளியை இப்படி எடு.”

முக்தா வாளியைத் தொடவில்லை. இடுப்பில் கை வைத்து நின்றாள். மூங்கில் பிளாச்சுகளால் கட்டிய அந்தப் பூச்சி ஒரு மாட்டுவண்டி நீளம் இருந்தது. ஆறு கால், இரண்டு கொம்பு, தலை முதல் வால் வரை ஒரே சிவப்பு. அந்த ஒரே சிவப்பைத்தான் அவளால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் போளா. காளைகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் பூசி, போளி ஊட்டும் பண்டிகை. அதற்கு அடுத்த நாள் காலையில் ஊரே சேர்ந்து மார்பத் பொம்மையைத் தூக்கிக்கொண்டு எல்லைக்குப் போகும். அந்த வருஷம் ஊரை எது படுத்தியதோ, அதுதான் பொம்மை. “கொண்டு போ, மார்பத்!” என்று வழியெல்லாம் கத்தி, எல்லையில் வைத்துக் கொளுத்திவிடுவார்கள். போன வருஷம் கொசு. அதற்கு முந்தைய வருஷம், எப்போது பார்த்தாலும் புகைந்துகொண்டிருந்த டிரான்ஸ்பார்மர்.

இந்த வருஷம் சிவப்புப் பூச்சி. அதில் யாருக்கும் இரண்டாவது பேச்சே இல்லை. வெண்டைத் தோட்டங்களில் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, விதைக்கு விட்ட காய்களை அது உறிஞ்சிக்கொண்டிருந்தது. முக்தாவின் அம்மா எடுத்து வைத்த விதையில் பாதி வெறும் பொக்கு. பருத்திக் காய் வெடித்ததும் இந்தக் கூட்டம் அங்கே குடிபோகும். விதையையும் உறிஞ்சி, வெள்ளைப் பஞ்சில் மஞ்சள் கறையும் போட்டுவிட்டுத்தான் ஓயும்.

“மாமா, காயை உறிஞ்சுற பூச்சிக்குக் கழுத்துல வெள்ளைப் பட்டை இருக்கும். முதுகுல ரெண்டு கறுப்புப் பொட்டு இருக்கும். கவுத்துப் போட்டா வயித்துல வெள்ளைக் கோடு கோடா தெரியும். நீங்க செஞ்சதுல ஒண்ணுமே இல்லையே!”

“நான் செய்யறது ராஜாவை,” என்றார் மாமா. “சிப்பாயையா ஊர்வலமா தூக்கிட்டுப் போவாங்க? கூட்டத்துலேயே பெரிசா, நல்லா செக்கச்செவேல்னு இருக்கே, அதான் ராஜா. பார்த்துப் பார்த்துதான் செய்யறேன்.”

ஏணிப்படியில் ஒரு கண்ணாடிக் குடுவை இருந்தது. அதற்குள் பெரிய பூச்சி ஒன்று தனியாக உட்கார்ந்திருந்தது. முழுச் சிவப்பு. பட்டையும் இல்லை, பொட்டும் இல்லை.

அநியாயம் அதோடு நிற்கவில்லை. யார் அதிக ராஜாக்களை உயிரோடு பிடித்து வருகிறார்களோ அவர்கள்தான் ஊர்வலத்துக்கு முன்னால் போகலாம் என்று மாமா பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். பிடித்த ராஜாக்களைப் பொம்மையின் வயிற்றுக்குள் வைத்துக் கொளுத்துவார்களாம். பக்கத்து வீட்டுத் தன்மய் இதுவரை பதினொன்று பிடித்திருந்தான்.

“மாமா, அது ராஜா இல்ல. காவக்காரன்!”

தெருப் பிள்ளைகள் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள்.

“அது காயைத் தொடறதே இல்ல. பட்டை போட்ட பூச்சியைத்தான் புடிச்சு உறிஞ்சுது. நான் பார்த்தேன். ஒரு ராஜாவையும் ஆறு சின்னதையும் ஒரே பாட்டில்ல போட்டு வச்சேன். நாலே நாள்ல ஆறும் வெறும் தோலு. காவக்காரனையெல்லாம் கொளுத்திட்டா அப்புறம் பருத்தியை யாரு பார்த்துக்குவா?”

“காவக்காரராம்!” என்று சிரித்தான் தன்மய். “தடியை எங்க மறந்து வச்சாராம்?”

முக்தா விடுவிடுவென்று அம்மாவின் வெண்டைத் தோட்டத்துக்குப் போனாள். பட்டை போட்ட பூச்சி ஒன்றைப் பிடித்து வந்து மாமாவின் குடுவைக்குள் போட்டாள். “இப்போ பாருங்க!”

ஏழு முகங்கள் குடுவையைச் சூழ்ந்துகொண்டன. ராஜா திரும்பி உட்கார்ந்தது. முன்காலால் கொம்பைத் துடைத்தது. அந்தக் கொம்பு முடிந்ததும் இந்தக் கொம்பைத் துடைத்தது. பிறகு சும்மா இருந்தது. சின்னப் பூச்சி அதன் மேலேயே ஏறி இறங்கிப் போனது.

“காவக்காரர் நல்லாத் தூங்கறாரு,” என்றான் தன்மய்.

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். சிரித்துவிட்டு, “நாளும் கிழமையுமா பொய் சொல்லக் கூடாதும்மா,” என்றார்.

பொய்! முக்தாவுக்குக் காதெல்லாம் எரிந்தது.

வீட்டுக்கு வந்தவள் அடுப்படியில் பருப்பு அரைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கொட்டித் தீர்த்தாள். “நான் எப்பம்மா பொய் சொன்னேன்? ஏழு மூஞ்சி கண்ணாடியில வந்து ஒட்டிக்கிட்டு முறைச்சா யாருக்குத்தான் சோறு இறங்கும்?”

“ரெண்டும் ஒரே மாதிரி இருக்கேடி. எனக்கே வித்தியாசம் தெரியலையே.”

“ஒரே குடும்பம்தாம்மா. அதே கொம்பு, அதே ஊசி மூக்கு. மத்ததெல்லாம் ஊசியை விதையில குத்துது. இது மட்டும் ஊசியை அதுங்க மேலேயே குத்துது.”

“அப்படீன்னா சொந்தக்காரங்க ஒருத்தரும் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டாங்க,” என்றாள் அம்மா.

முக்தா சிரிக்கவில்லை. அம்மா அரைப்பதை நிறுத்தினாள். “நான் வேணா அண்ணன்கிட்டப் பேசிப் பார்க்கட்டுமா?”

“வேணாம். பொய் சொன்னேன்னு என்னைத்தான் சொன்னாரு. நானே பார்த்துக்கறேன்.”

போளா வந்தது, போனது. காளைக்கு மாலை போட்டபோதும் அவள் முகம் தெளியவில்லை. போளியில் நெய் கூடுதலாக விட்டுக் கொடுத்தும் பயனில்லை.

மறுநாள் காலையில் மேளம் வந்துவிட்டது. பொம்மை நாலு மரக்கட்டைகளின் மேல் ஊர்வலத்துக்குத் தயாராக நின்றது. சிறிசுகள் மரக்காளைகளைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் ஓடினார்கள். அப்போது தன்மய் ஒரு பெரிய பாட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

“திருட்டு! என் பூச்சியைத் திருடிட்டாங்க!”

மேளம் நின்றது.

“முந்தாநாள் எண்ணினேன். பதினோரு ராஜா, அதுங்களுக்குச் சிப்பாயா நாப்பது சின்னது. எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு வாயைத் துணியால கட்டி வச்சேன். இப்போ சின்னது பதினேழுதான் உசுரோட ஓடுது!” அவன் விரல் நேராக முக்தாவை நோக்கி நீண்டது. “இவதான்! காவக்காரன், காவக்காரன்னு குதிச்சது இவதானே!”

கூட்டம் முழுவதும் முக்தாவைப் பார்த்தது. புண்டலிக் மாமாவும் புருவத்தைச் சுருக்கினார். “முக்தா, உண்மையைச் சொல்லு.”

முக்தா தன்மயின் எதிரில் போய் நின்றாள். கோபம் இருந்தாலும் குரல் நிதானமாகவே வந்தது.

“டேய், நான் காப்பாத்தணும்னு சொன்னது எதை?”

“ராஜாவை.”

“ராஜா எத்தனை இருக்கு இப்போ?”

தன்மய் பாட்டிலைப் பார்த்தான். உதட்டை அசைத்து எண்ணினான். “பதினொண்ணு…”

“ராஜாவையெல்லாம் விட்டுட்டு, எங்கம்மா விதையைத் தின்ன பூச்சியையா வந்து திருடுவேன்? எனக்கென்ன பைத்தியமா?”

கூட்டத்தில் யாரோ “அதானே!” என்றார்கள்.

முக்தா மாமாவின் தோளிலிருந்த புதுத் துண்டை உருவித் தரையில் விரித்தாள். பாட்டிலை வாங்கி அதன் மேல் கவிழ்த்தாள். உயிருள்ளவை நாலாபுறமும் ஓட, பிள்ளைகள் மறித்துப் பிடித்துத் திரும்பப் பாட்டிலில் போட்டார்கள். ஓடாதவை துண்டிலேயே கிடந்தன. காலும் கொம்பும் கழுத்துப் பட்டையும் அப்படியே இருந்தன. உள்ளேதான் ஒன்றும் இல்லை. ஊதினால் பறந்தன.

“நீயே எண்ணு,” என்றாள் முக்தா.

தன்மய் மண்டியிட்டு எண்ணினான். “இருபத்தி மூணு.” விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தான். பதினேழும் இருபத்து மூன்றும் நாற்பது. இன்னொரு தடவை கூட்டினான். அப்போதும் நாற்பதுதான்.

துண்டின் ஓரத்தில் ஒரு ராஜா மட்டும் அவசரமில்லாமல் நடந்து போனது. அதன் ஊசி மூக்கில் ஒரு பட்டைக்காரன் தொங்கிக்கொண்டிருந்தான். இத்தனை பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் இந்த ராஜாவுக்குத் துளியும் இல்லை.

புண்டலிக் மாமா குனிந்து வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது. “போன வாரம் என் வயல்ல முப்பது ராஜாவை இந்தக் கையாலதான் நசுக்கினேன்,” என்றார் மெதுவாக.

“நான் பதினொண்ணு புடிச்சேன்,” என்றான் தன்மய். அதைப் பெருமையாகச் சொல்ல இப்போது அவனுக்கு வாய் வரவில்லை.

“இன்னும் உசுரோடதானே இருக்கு,” என்றாள் முக்தா. “வெண்டைச் செடியில விட்டுடலாம். நீயே விடு.”

“எங்க தோட்டத்துக்கு ரெண்டு குடேன்!” என்று ஒரு குரல் வந்தது. “எங்களுக்கும்!” என்று நாலு குரல் வந்தன.

மேளக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. “இப்போ பொம்மையைத் தூக்கறதா வேணாமா? காவக்காரன் உருவத்தை எப்படிக் கொளுத்தறது?”

“ஒரு வாளி சுண்ணாம்பும் கொஞ்சம் அடுப்புக்கரியும் கொண்டு வாங்க,” என்றாள் முக்தா.

இந்த முறை வாளியை எடுத்துக் கொடுத்தவர் புண்டலிக் மாமா. முக்தா ஏணியில் ஏறிப் பொம்மையின் கழுத்தைச் சுற்றி அகலமாக வெள்ளைப் பட்டை இழுத்தாள். வயிற்றில் கோடு கோடாகப் போட்டாள். முதுகுப் பொட்டு இரண்டையும் தன்மய் வைத்தான். ஒரு பொட்டு பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் வந்தது. ஆனாலும் யார் பார்த்தாலும் இப்போது சொல்லிவிடுவார்கள், இது காயை உறிஞ்சும் பூச்சிதான் என்று.

“பிரமாதம்!” என்றார் மாமா. “இறங்கி வாம்மா. ஊர்வலத்துக்கு முன்னால நீதான் போகணும்.”

முக்தா இறங்கவில்லை.

“இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு மாமா. அன்னிக்கு எல்லாரும் சிரிக்கச் சிரிக்க, நான் பொய் சொல்றேன்னு சொன்னீங்க.”

மேளக்காரர் குச்சியைக் கீழே இறக்கினார். புண்டலிக் மாமா தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

“நீ சொன்னது நெஜம்மா. நான்தான் சரியாப் பார்க்காம பேசிட்டேன். தப்பு என்னோடது.”

“பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கலை, மாமா.”

மாமா ஊரைப் பார்த்துத் திரும்பினார். ஒரு மூச்சு இழுத்துக்கொண்டார். “முக்தா சொன்னது நெஜம்! தப்பு என்னோடது!” என்று அவர் போட்ட சத்தத்தில் போளா காளைகள்கூடத் தொழுவத்தில் தலையைத் தூக்கின.

முக்தா ஏணியிலிருந்து குதித்தாள். கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றாள்.

“காயை உறிஞ்சுறவனைக் கொண்டு போ, மார்பத்!” என்றாள், அடிவயிற்றிலிருந்து. ஊர்வலம் கிளம்பியது.