வாண்டுவின் வண்டிக்கு எந்த மோட்டார்?

ராக்கெட்டுக்கு வேகம் என்றாலே பயம்.

அவள் சைக்கிளில் போனால், பின்னால் நடந்து வருகிறவர்கள் "கொஞ்சம் வழி விடும்மா" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போவார்கள். அதனால்தான் அக்கா அவளுக்கு ராக்கெட் என்று பெயர் வைத்தாள். கேலிக்கு வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

அன்று காலை ராக்கெட் வழக்கத்தைவிட அதிகமாகப் பயந்துகொண்டிருந்தாள். காரணம், வேகமாகப் போகப்போவது அவள் இல்லை. தம்பி வாண்டு.

வாண்டுவுக்குக் கால்களில் வலு கிடையாது. ஊன்றுகோல்களை வைத்துக்கொண்டு வாசல்வரை வருவான். அதைத் தாண்டிப் போக வேண்டுமானால் அக்காவின் முதுகுதான் அவனுக்கு வண்டி. அக்கா மின்சார சைக்கிள்களைப் பழுது பார்ப்பவள். வீட்டை ஒட்டிய கொட்டகைதான் அவளுடைய பட்டறை. கிடைத்த நேரத்தில் எல்லாம் உட்கார்ந்து, தம்பிக்காக ஒரு மூன்று சக்கர வண்டியைச் செய்து முடித்திருந்தாள். அதன் முன் சக்கரத்தின் நடுவில், தட்டையான டப்பா மாதிரி ஒரு மோட்டார்.

"சார்ஜர்ல பச்சை விளக்கு வந்ததும் கிளம்பறோம்" என்றாள் அக்கா. "தெரு முனை வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வரணும். சரியா வாண்டு?"

"சரி! சரி! சரி!" என்றான் வாண்டு. அவன் விடிந்ததிலிருந்து தலைக்கவசத்தைக் கழற்றவே இல்லை. பல் தேய்த்ததும் அதோடுதான்.

தெரு முனையில் பெரிய சாலை இருந்தது. அங்கே லாரிகள் ஓயாமல் போகும். ராக்கெட் குனிந்து மோட்டாரைப் பார்த்தாள்.

"அக்கா, இது மெதுவா ஓடற மோட்டார்தானே?"

"ஆமா. ரெண்டு மோட்டார் வந்துச்சு. வேகமானது ரொட்டிக்கார அண்ணன் சைக்கிளுக்கு. மெதுவானது இவனுக்கு."

ரொட்டிக்காரரின் சைக்கிள் சுவரில் சாய்ந்து நின்றது. ராக்கெட் அதன் சக்கரத்தையும் பார்த்தாள், வண்டியின் சக்கரத்தையும் பார்த்தாள். இரண்டும் ஒரே அளவு. இரண்டு மோட்டாரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"எது எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மெதுவானதை ஜன்னல் பக்கம் வச்சிருந்தேன். அதை எடுத்து இவன் வண்டியில மாட்டினேன்."

"ஆனா நீ மாட்டறதுக்கு முன்னாடி அம்மா இங்க பெருக்கினாங்களே!"

"பெருக்கினா என்ன? எடுத்த இடத்துலதான் வச்சிருப்பாங்க." அக்கா சிரித்தாள். "நீ ஏன்டி இப்படி முழிக்கற? லாரிக்கு அடியில நிக்கற மாதிரி!"

ராக்கெட்டுக்கு நம்பிக்கை வரவில்லை. அம்மா பெருக்கும்போது பொருள்களை எடுத்த இடத்தில் வைப்பவர் இல்லை. போன வாரம் அப்பாவின் செருப்பு அலமாரிக்குமேல் இருந்தது.

"வெளிய ஒரே மாதிரி இருக்கே, உள்ள என்ன வித்தியாசம்?" என்று கேட்டாள்.

அக்கா இட்டுக்கட்டிச் சொல்பவள் இல்லை. கேட்டால் ஒழுங்காகவே சொல்வாள். "உள்ள செம்புக் கம்பி சுத்தியிருக்கும். நிறைய சுத்து சுத்தியிருந்தா மெதுவான மோட்டார். கம்மியா சுத்தியிருந்தா வேகமானது."

"நிறைய கம்பி இருந்தா நிறைய வேகம்தானே வரணும்?"

"அதான் இல்ல. சக்கரம் சுத்தறப்ப மோட்டாரும் கொஞ்சம் மின்சாரத்தை உண்டாக்கும். வேகம் கூடக் கூட அதுவும் கூடும். அது பேட்டரியோட கயிறு இழுக்கற போட்டி போடும். பேட்டரி ஒரு பக்கம் முப்பத்தாறு வோல்ட்டுல இழுக்குது. மோட்டாரும் முப்பத்தாறை எட்டிட்டா சரிக்குச் சமம். அதுக்கு மேல வேகம் ஏறாது. போதுமா? எனக்குப் பசிக்குது."

அக்கா சாப்பிடப் போய்விட்டாள். சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது எந்த நேரமும் பச்சையாகிவிடும் என்று ராக்கெட்டுக்குப் பயமாக இருந்தது.

பேட்டரி மாட்டாத வண்டியில் வோல்ட் அளக்கும் மீட்டரை வைத்துப் பார்க்க அவளுக்கு அனுமதி உண்டு. மோட்டாரிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என்று மூன்று கம்பிகள் தொங்கின. அவள் வண்டியின் முன்பக்கத்தை ஒரு முக்காலிமேல் தூக்கி வைத்தாள். மீட்டரின் இரண்டு முனைகளையும் மஞ்சளிலும் பச்சையிலும் வைத்தாள்.

"வாண்டு, சக்கரத்தைக் கையால சுத்து. கடிகாரம் ஒரு தடவை டிக்குன்னா, சக்கரம் ஒரு சுத்து. வேகமாவும் வேண்டாம், மெதுவாவும் வேண்டாம்."

"டிக்... டிக்..." வாண்டு நாக்கைத் துருத்திக்கொண்டு சுற்றினான்.

மீட்டர் ஆறு வோல்ட் காட்டியது.

பிறகு ரொட்டிக்காரரின் சைக்கிளிலும் அப்படியே செய்தார்கள். டிக். டிக். பன்னிரண்டு.

ராக்கெட் பெருமூச்சு விட்டாள். வாண்டுவின் மோட்டார் ஆறு. ரொட்டிக்காரருடையது பன்னிரண்டு. ஆறு சின்னது, அப்படியானால் மெதுவானது. நல்லவேளை! அம்மா ஒரு முறையாவது எடுத்த இடத்தில் வைத்திருக்கிறார்.

கையெல்லாம் மசி. அவள் கொல்லைப்பக்கம் போய், தொட்டியிலிருந்து வாளியில் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள். பெரிய குவளையைக் காணவில்லை. சின்ன டம்ளர்தான் கிடைத்தது. ஊற்றினாள். ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள். வாளி பாதிகூட நிறையவில்லை.

'சே! பெரிய குவளையா இருந்தா நாலு தடவையில நிறைஞ்சிருக்கும். சின்னதுல ஊத்தினா எத்தனை தடவை...'

டம்ளர் கையில் அப்படியே நின்றது.

மோட்டார் எட்ட வேண்டியது முப்பத்தாறு. ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு என்றால், நொடிக்கு மூன்று சுற்றிலேயே எட்டிவிடும். அங்கேயே நின்றுவிடும். ஒரு சுற்றுக்கு ஆறுதான் என்றால், எட்டுவதற்கு நொடிக்கு ஆறு சுற்று சுற்ற வேண்டும். இரண்டு மடங்கு வேகம்!

சின்ன எண்தான் வேகமான மோட்டார். வாண்டுவின் வண்டியில் இருப்பது ரொட்டிக்காரருடையது.

"பச்சை விழுந்திருச்சு!" என்று வாசலில் அக்காவின் குரல் கேட்டது. "ராக்கெட்டு! சீக்கிரம் வா, இவன் கிளம்பறான்!"

கண்முன்னால் லாரி வந்தது, மூன்று சக்கர வண்டி திரும்ப முடியாமல் சாய்வது வந்தது, உருண்டு போகும் தலைக்கவசம் வந்தது. டம்ளர் கீழே விழுந்து 'டங்' என்றது.

அவள் ஓடினாள். வீட்டுக்குள் புகுந்து, நாற்காலியில் இடித்து, வாசலுக்கு ஓடினாள்.

வாண்டு இருக்கையில் உட்கார்ந்திருந்தான். கட்டைவிரல், வேகம் ஏற்றும் விசையின்மேல் இருந்தது. "ஒண்ணு... ரெண்டு..." என்று அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

ராக்கெட் பாய்ந்துபோய்ச் சாவியைத் திருகிப் பிடுங்கினாள்.

"ஏய்! என்னடி பண்ற?" என்று அக்கா கத்தினாள். வாண்டுவின் முகம் கோணியது.

"ஆறு!" என்றாள் ராக்கெட், மூச்சு வாங்க. "இதுல ஆறு வருது! அதுல பன்னெண்டு!"

"என்ன ஆறு? என்ன பன்னெண்டு?"

"வோல்ட்! நொடிக்கு ஒரு சுத்து சுத்தினா! கடிகாரம் பார்த்துச் சுத்தினோம்!"

அக்கா மறுபடி கத்துவதற்கு வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே இருந்தது. உதடு மட்டும் அசைந்தது. "முப்பத்தாறை ஆறால வகுத்தா... நொடிக்கு ஆறு சுத்து. ஒரு சுத்துக்கு ஒன்றரை மீட்டர். நொடிக்கு ஒன்பது மீட்டர். அப்படின்னா மணிக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல!"

அவள் சட்டென்று வாண்டுவைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தாள். வண்டியின் முன்பக்கத்தை முக்காலியில் ஏற்றினாள். சாவியைப் போட்டு, விசையை முழுவதும் அழுத்தினாள்.

சக்கரம் ஊளையிட்டது. அதன் ஆரக்கம்பிகள் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்தன. முக்காலி தடதடவென்று நடுங்கியது. எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது.

அக்கா விசையை விட்டாள். சக்கரம் சுற்றிச் சுற்றி நின்றது. அக்காவின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

"இப்படித் தூக்கி வச்சு ஒரு தடவை ஓட விட்டிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் மெல்ல. "அவசரத்துல அதைக்கூடச் செய்யல." பிறகு ராக்கெட்டின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை.

வாண்டு மட்டும் கை தட்டினான். "சூப்பர்! இதுவே இருக்கட்டும்!"

"வேண்டாம்!" என்று இருவரும் ஒரே குரலில் அலறினார்கள்.

வாண்டுவுக்கு அழுகை வந்துவிட்டது. "எனக்கு மட்டும் எல்லாமே மெதுவா! நடக்கறதும் மெதுவா, வண்டியும் மெதுவா!"

ராக்கெட் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

"அந்த மோட்டார் இருந்தா நீ தனியாத்தான் போகணும்டா. யாராலயும் கூட வர முடியாது. மெதுவானதுன்னா நான் உன் பக்கத்துலயே ஓடி வருவேன்."

வாண்டு கண்ணைத் துடைத்தான். "நீயா? ஓடுவியா?"

"ஓடுவேன்."

"நிஜமா?"

"நிஜமா. ஆனா நீ விசையை மெதுவா அழுத்தணும்."

சக்கரங்களை மாற்றி மாட்டுவதற்கு மதியமாகிவிட்டது. இந்த முறை அக்கா முக்காலியில் வைத்து ஓட்டிப் பார்த்தாள். பிறகு தானே ஏறி, முழங்கால் முகவாயில் இடிக்க, வாசலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தாள். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். அதற்குப் பிறகுதான் சாவியை வாண்டுவிடம் கொடுத்தாள்.

"சாலைக்கு முன்னாடி, கடைசி வீட்டுக்கிட்டயே திரும்பிடணும்" என்றாள்.

வண்டி 'உம்ம்' என்று கிளம்பியது. ராக்கெட் பக்கத்திலேயே ஓடினாள். அவள் முகமும் வாண்டுவின் முகமும் ஒரே வரிசையில் போயின. நீல வாசல், தண்ணீர்க் குழாய், தையல் கடை எல்லாம் பின்னால் போயின. பாதித் தெருவில் அவளுக்கு விலா பிடித்துக்கொண்டது. குனிந்து நின்றுவிட்டாள்.

நிமிர்ந்தபோது வாண்டு தூரத்தில் இருந்தான். கடைசி வீட்டை நெருங்கிக்கொண்டிருந்தான். அவனுக்கு அப்பால் லாரிகள்.

"திரும்புடா..." என்று முணுமுணுத்தாள். அக்காவும் ஓடிவந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

வண்டி நின்றது. வாண்டு அந்த வீட்டின் கம்பிக் கதவுக்குள் எதையோ பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மெல்ல, மிகவும் கவனமாக, பெரிய ஆள் மாதிரி வண்டியைத் திருப்பினான்.

அவர்களை நெருங்கியதும் கத்தினான்.

"கடைசி வீட்ல நாய்க்குட்டிங்க இருக்கு! கண்ணே திறக்கல! உங்களுக்குத் தெரியுமா?"

அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த அக்காவும் ராக்கெட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தெரியாதே!"

"உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா? வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன்" என்று வாண்டு வண்டியை மறுபடி திருப்பினான். அக்காவும் ராக்கெட்டும் அவன் பின்னால் ஓடினார்கள்.