ஐந்தாவது நகம்

சிக்கந்தர் பொட்டலத்தை இடது கையால் நீட்டினான்.

அக்பர் அலிக்குச் சுருக்கென்றது. ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட வலது கையால்தான் கொடுப்பான் தம்பி. இன்று அந்தக் கை பேண்ட் பாக்கெட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஊரில் ஒருத்தனையும் நம்பாத தையல்காரர் அக்பர் அலி நம்பிய ஒரே ஆள் இவன்தான்.

"சீனத்து அரண்மனை அங்கிண்ணே. மஞ்சப்பட்டு ராஜாவுக்கு மட்டுந்தானாம். அஞ்சு நகம் வெச்ச டிராகனும் அப்படித்தான். வேற ஆளு போடணும்னா, காலுக்கு ஒரு நகத்தைப் பிரிச்சுப்போடணுமாம்."

"அப்ப வெள்ளைப் பட்டு யாருக்காம்?"

"சாவுக்குங்க. சிவப்புன்னா கல்யாணம். தாடிக்கு மருதாணி பூசிப் பூசி உங்க நகமெல்லாம் சிவப்பு. அங்கே போனா நீங்கதான் மாப்பிள்ளை."

"வாயப் பாரு! நீயும் ஊசி புடிச்சவந்தானே, நீயே பிரிக்கறதுக்கென்ன கேடு?"

"உங்க கை எனக்கு வருங்களாண்ணே?"

சிக்கந்தர் டீகூடக் குடிக்கவில்லை. வண்டிச் சத்தம் கோட்டைமேட்டுச் சந்துமுனையைத் தாண்டிப் போயிற்று.

அங்கியை மேசையில் விரித்தபோது கற்பூர வாடை எழுந்தது. அதற்கடியில் மழைநாள் கறிக்கடையின் ஈர வாடை மெல்லப் பதுங்கி வந்தது. ஓட்டின்மேல் தூறலும் எதிர்வீட்டு மிக்ஸியும் அடங்கிப்போக, யாரோ உள்ளே படுத்து மூச்சுவிடுவதுபோலப் பட்டு ஏறி இறங்கிற்று. ஃபேன் காற்று என்று நினைத்தார். ஃபேன் ஓடவில்லை.

டிராகனின் முதல் காலில் கத்தரியை வைத்தார். நறுக். ஜரிகை நகம் ஒன்று உதிர்ந்தது.

அடுத்த காலில் நான்கு நகங்கள்தான் ஜரிகை. ஐந்தாவது தோல் நிறம். தொட்டார். சூடாக இருந்தது. நுனியில் கறுப்புத் தழும்பு. சின்ன வயதில் மிஷின் ஊசி ஏறிய சிக்கந்தரின் சுண்டுவிரல் நகம்.

போன் போட்டார்.

"உன் கைக்கு என்னடா ஆச்சு?"

சிக்கந்தர் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணைப் பிரிச்சா ஒண்ணை எடுத்துக்குதுங்கண்ணே. வேற கைக்கு மாத்திவிட்டா என்னை விட்டுருமுன்னு..."

"அதுக்கு நாந்தான் கெடைச்சனா?"

"நான் கொடுத்தா நீங்க மட்டுந்தானுங்களே சந்தேகப்படாம வாங்குவீங்க."

போன் அணைந்தது.

வலது சுண்டுவிரலில் குறுகுறுப்பு. தோலுக்குள்ளிருந்து ஒரு நூல் எட்டிப் பார்த்தது. வலி இல்லை. ரத்தம் இல்லை. நூல் தானாக வந்தது. தையல் தையலாக. விரல் பிரிந்தது.

வெட்டிய இடத்தில், ஊசி இல்லாமலே, மஞ்சள் பட்டின்மேல் மருதாணிச் சிவப்பில் ஒரு நகம் ஏறி வளைந்தது.

கத்தரியைக் கீழே போட நினைத்தார். மிச்சமிருந்த நான்கு விரல்களும் அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைக் கேட்காமல், அடுத்த காலுக்கு நகர்ந்தன.