அடி மடிக்காத திரை

அந்த ஆணியை அவள் அடிக்கவில்லை.

விடுமுறை நாளின் பிற்பகல். தரையில் உட்கார்ந்து, மடியில் திரைத்துணியைப் பரப்பி வைத்துக்கொண்டு, அதன் மேல்விளிம்பில் மாட்டுவதற்கான துணி வளையங்களைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியில் நூல் கோர்க்க வெளிச்சம் பார்த்துத் தலையைத் தூக்கியபோது அது கண்ணில் பட்டது. எதிர்ச் சுவரின் நட்டநடுவில், படம் மாட்டவும் ஆகாத, பை மாட்டவும் ஆகாத ஒரு உயரத்தில், ஒரே ஒரு ஆணி.

போன வாரம்தான் அந்தச் சுவருக்கு அவளே மஞ்சள் பூசியிருந்தாள். பூசுவதற்கு முன்னால் உப்புத்தாளால் தேய்த்து, உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்திருந்தாள். அங்கே ஆணி இருந்திருந்தால் கையைக் கிழித்திருக்கும். எழுந்து போய்ப் பார்த்தாள். ஆணியைச் சுற்றி வண்ணம் ஒரு செதில்கூடப் பெயரவில்லை. தலையில் சுத்தியல் பட்ட தடம் இல்லை. சுவர் தானாக அதை ஒரு விரலாக நீட்டிக் காட்டுவதுபோல் இருந்தது.

"இங்க இருக்கிறவ நான். இதுல உனக்கு என்ன வேலை?" என்று ஆணியிடம் கேட்டாள். பிறகு சிரிப்பு வந்தது. தனியாக ஒரு வீட்டில் இருப்பவள் ஆணியோடு பேசக் கூடாது என்று யாரும் இன்னும் சட்டம் போடவில்லை.

ஆணி அடிக்கக் கூடாது என்றுதான் சட்டம் இருந்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் வீட்டுக்காரம்மா, சாவியைக் கொடுத்த அன்றே சொல்லிவிட்டாள். சத்தம் போடலாம், ஆள் வரலாம், ராத்திரி தையல் மிஷின் ஓட்டலாம், அதெல்லாம் பரவாயில்லை. "ஆணி மட்டும் அடிக்காதீங்க. இந்த வீட்ல எதை எங்க மாட்டணுமோ, அதுக்கெல்லாம் இடம் இருக்கு."

அவள் தலையாட்டிவிட்டு, குடிவந்த மறுநாளே ஜன்னலுக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்தாள். தன் படத்தை மாட்டினாள். கடல் ஓரத்தில், காற்றில் முடி பறக்க, பக்கத்தில் யாரும் இல்லாமல் நிற்கிற படம்.

அது வீம்புதான். அவளுக்கே தெரியும். அண்ணன் வீட்டில் இருந்த காலமெல்லாம் அவளுடைய சாமான்கள் இன்னொருவர் கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் இருந்தன. ஊரார் வீடுகளுக்கெல்லாம் திரைச்சீலை தைத்துக்கொடுக்கிறவளுக்கு, தன் கையால் தைத்ததைத் தொங்கவிட ஒரு ஜன்னல் வாய்க்கவில்லை. ஒருமுறை இதே படத்தை அங்கே கூடத்தில் மாட்டினாள். ஒரு வாரம் கழித்து அண்ணி அதைக் கழற்றிவிட்டு, அதே ஆணியில் காலண்டரை மாட்டினாள். அவள் படத்தை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்தாள். கடைசியில் தனி வீடு பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது, அண்ணி அவள் காதுபடவே அண்ணனிடம் சொன்னாள், "போகட்டும் விடுங்க. பயந்துகிட்டுத் தானா திரும்பி வந்துடும்."

திரும்பிப் போவது என்றால் அந்தக் காலண்டருக்குக் கீழே போய் நிற்பது. அதைவிட எதுவும் மேல்.

ஆகவே முளைத்த ஆணியில் அவள் துணிப்பையை மாட்டினாள். வந்ததுதான் வந்தாய், வேலை செய் என்றாள். மறுநாள் காலையில் பை சுவரோரம் தரையில் இருந்தது. விழுந்து கிடக்கவில்லை. நான்காக மடித்து வைக்கப்பட்டிருந்தது. குடையை மாட்டினாள், அது மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. இவை எதுவும் இல்லை, வேறு என்று யாரோ பொறுமையாகச் சொல்வதுபோல.

குறடால் ஆணியைப் பிடுங்கினாள். வெண்ணெயில் இருந்து வருவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தது. அந்தத் துளையில் இருந்து, வண்ண வாசனையைத் தாண்டி, பெட்டியில் வெகுநாள் மடித்துவைத்த துணியின் வாசனை வந்தது. ஆணியைத் தெருவில் எறிந்துவிட்டுத் தையல் கடைக்கு வேலைக்குப் போனாள். மாலையில் கதவைத் திறந்தபோது ஆணி இருந்தது.

படியிறங்கிப் போய் வீட்டுக்காரம்மாவைக் கேட்டாள். மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு யாராவது மேலே வருகிறார்களா என்று கேட்டாள். குரல் கொஞ்சம் தடித்துத்தான் இருந்தது. வீட்டுக்காரம்மா கோபப்படவில்லை. மாடி வீட்டுக்கு மாற்றுச் சாவியே இல்லை என்றாள். சொல்லிவிட்டு அவளைக் கழுத்தில் இருந்து கால்வரை, பிறகு காலில் இருந்து கழுத்துவரை பார்த்தாள். கடையில் துணியை அவள் அளந்து பார்க்கிற பார்வை அது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை, படியேறும்போதுதான் தோன்றியது.

"நீங்க கொஞ்சம் ஒசரம்தான், இல்ல?" என்று மட்டும் வீட்டுக்காரம்மா கேட்டிருந்தாள்.

அந்த வாரம் கடையில் துணி வெட்டுகிறவள் வீடு பார்க்க வந்தாள். அவள் நாக்குக்காகவே எல்லாரும் அவளைக் கத்திரி என்று கூப்பிடுவார்கள். மஞ்சள் சுவரைப் பார்த்து வாயைப் பிளந்தாள். மிச்சத் துண்டுகளை ஒட்டுப்போட்டுத் தைத்த மெத்தை உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்துக்கு முன்னால் நின்று, இதில்தான் நீ உன் மாதிரி இருக்கிறாய் என்றாள். இவளுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. ஒருவர் வந்து உட்கார்ந்து பார்த்தபிறகுதான் அது வீடு ஆகிறது.

கத்திரி ஆணியையும் பார்த்தாள். "இது என்னக்கா, வீட்டுக்கு மூக்குத்தி போட்ட மாதிரி?"

முந்தி இருந்தவங்க அடிச்சது என்று இவள் பொய் சொன்னாள். அடுப்பங்கரைக்குத் திரும்பி டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

"அக்கா, திரை தெச்சுத் தெச்சு உனக்குப் புத்தி பெரண்டு போச்சு. சட்டைக்கும் வளையம் வெச்சிருக்கே பாரு."

கை பின்னால் போனது. பிடரிக்கு நேராக, சட்டையின் கழுத்துப்பட்டியில், ஒரு துணி வளையம். அதே அளவு, அதே மடிப்பு. ஆனால் தையல் அவளுடையது அல்ல. அவளுடையதைவிட நெருக்கம், அவளுடையதைவிட நிதானம். ஒரு தையல்காரிக்குப் பொறாமை வரவேண்டிய தையல்.

அவள் டீயை ஊற்றி முடித்தாள். "தூக்கத்துல தெச்சிருப்பேன்டி" என்றாள்.

கத்திரி போனதும் அலமாரியைத் திறந்தாள். ஒவ்வொரு சட்டையிலும், நைட்டியிலும், மழைக்கு வைத்திருந்த மேலங்கியிலும், பிடரிக்கு நேராக வளையம். எல்லாவற்றையும் தரையில் குவித்துவைத்து, தையல் பிரிக்கும் கொக்கியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு தையலாக, அவசரமில்லாமல், துணி கிழியாமல் பிரித்தாள். பிரித்த வளையங்களை அடுப்பில் போட்டு எரித்தாள். தெருவிளக்கு எரியத் தொடங்கியபோது சுவரைப் பார்த்து நிமிர்ந்து நின்றாள்.

"எத்தனை வேணா தை. நான் பிரிச்சுகிட்டே இருப்பேன். எனக்கு இதுதான் பொழைப்பு."

விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, சுவரின் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்கியது. முதலில் பல்லி என்று நினைத்தாள், பிறகு குழாயில் இறங்கும் தண்ணீர் என்று நினைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு உற்றுக் கேட்டபோது, அதைவிட அவளுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் உலகத்தில் வேறு இல்லை என்பது புரிந்தது. கெட்டித் துணிக்குள் மெழுகு பூசிய நூல் இழுபடும் சத்தம். ஒரு இழுப்பு. சற்று நிற்கும். இன்னொரு இழுப்பு. அந்தச் சுவருக்கு அப்பால் அறை கிடையாது. வெட்டவெளியும் கீழே தெருவும்தான்.

காலையில் குளிக்கும்போது இரண்டு கணுக்கால்களைச் சுற்றியும் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. துணியில் வெட்டும் இடம் குறிக்கிற தையல் சாக்குக்கட்டியின் கோடு. கடையில் ஒட்டியிருக்கும் என்று தேய்த்துக் கழுவினாள். போனது. ஆனால் கடையில் பட்ட சாக்குக்கட்டி அப்படிச் சுற்றிவர ஒரே சீராகப் படாது என்பதும் அவளுக்குத் தெரியும்.

அண்ணனின் தொலைபேசி அழைப்பு வந்தது அன்றைக்குத்தான். சும்மாதான் கூப்பிட்டேன் என்றான். கட்டிலுக்கு அடியில் இடம் அப்படியேதான் இருக்கிறது என்று அண்ணி சொல்லச் சொன்னதாகச் சொன்னான். கத்திரியும், இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, என் வீட்டுக்கு வந்து கொஞ்ச நாள் இரு அக்கா என்றாள். இருவருக்கும் ஒரே பதில்தான்.

"என் வீடு இருக்கும்போது நான் ஏன் இன்னொரு வீட்ல இருக்கணும்?"

அன்று கடையிலேயே புதுத் துணி எடுத்தாள். கத்திரியை வெட்டச் சொல்லி, உணவு இடைவேளையில் தானே தைத்தாள். கழுத்துப்பட்டியே இல்லாத சட்டை. வளையம் வைக்க ஒரு விளிம்புகூட விடவில்லை. அங்கேயே மாற்றிக்கொண்டு, பழையதைக் கடையின் குப்பையில் போட்டுவிட்டு நடந்து வந்தாள். கதவைத் திறந்ததும் பிடரியைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வெறும் தோல், கொஞ்சம் வியர்வை. ஆணியைப் பார்த்து நாக்கைத் துருத்திக் காட்டினாள்.

கடைசித் திரை மிச்சம் இருந்தது. பெரிய ஜன்னலுக்கானது, கருநீலம். முக்காலியில் ஏறிக் கம்பியில் வளையங்களைக் கோர்த்துத் தொங்கவிட்டாள். அடியை மட்டும் மடிக்கவில்லை. மடிக்கக் கூடாது. கெட்டித் துணி தன் கனத்திலேயே கொஞ்சம் இறங்கும். தொங்கவிட்டு, அது இறங்குகிற மட்டும் இறங்கவிட்டு, பிறகுதான் சாக்குக்கட்டியால் கோடு போட்டு அடியை வெட்டி மடிக்க வேண்டும். அவசரப்பட்டு முதலிலேயே மடித்தால் பிற்பாடு தரையில் புரளும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தப்பு அது. அவள் செய்ததே இல்லை.

பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். மாலை வெயில் நீலத்துக்குள் புகுந்து அறையெல்லாம் நிறைந்தது. மஞ்சள் சுவர், ஒட்டுப்போட்ட உறை, கடலோரப் படம், நீலத் திரை. ஒவ்வொன்றும் அவள் கை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு அறையில் எதற்கும் ஒதுங்கி நிற்க வேண்டியில்லாமல் நின்றாள். இன்னும் கொஞ்சம் முழுதாகப் பார்க்க, இன்னும் ஓரடி பின்னால் வைத்தாள்.

பிடரியில் ஊறியது.

எறும்பு என்று தட்டினாள். விரலில் துணி தட்டுப்பட்டது.

வளையம்.

சட்டையில் விளிம்பு இல்லையே. எங்கே வைத்துத் தைத்தது? பிடித்து இழுத்தாள். வலித்தது. மறுபடி இழுத்தாள். தோல் கூடவே எழுந்தது. பிடரித் தோல். விரலை அடியில் கொடுத்துத் தடவினாள். சின்னச் சின்னத் தையல்கள். நெருக்கமாக. நிதானமாக. மெழுகு பூசிய நூல். காய்ந்துபோன தையல்கள். இன்று போட்டவை அல்ல. நேற்றும் அல்ல. ஆனால் வந்ததும் தடவிப் பார்த்தபோது வெறும் தோல்தானே இருந்தது.

அவள் கத்தவில்லை. கத்தினால் படியேறி வருவது வீட்டுக்காரம்மாதான் என்று தெரியும். கதவுப் பக்கம் திரும்ப முயன்றாள்.

திரும்ப முடியவில்லை.

முதுகில் சுவர். குளிர்ச்சியாக. அறையின் நடுவில்தானே நின்றாள். ஓரடிதானே பின்னால் வைத்தாள். வளையத்துக்குள் ஏதோ நுழைந்து உட்காரும் சத்தம். டிக். அவ்வளவு சின்னச் சத்தம்.

படம் மாட்டவும் ஆகாத, பை மாட்டவும் ஆகாத உயரம்.

சுவருக்குள் அதுவரை கேட்டுக்கொண்டிருந்த நூல் இழுபடும் சத்தம் நின்றது. வேலை முடிந்து, தள்ளி நின்று பார்ப்பதுபோல ஒரு அமைதி. தன் கையால் அமைத்த அறையைப் பார்த்து அவளே சற்றுமுன் நின்றாளே, அதே அமைதி. அதே திருப்தி.

"அழகா இருக்கேனா?" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "பார்த்துக்க."

சட்டைப் பையில் தையல் பிரிக்கும் கொக்கி இருந்தது. எடுத்தாள். கையைப் பின்னால் கொண்டுபோனாள். விரல் முதல் தையலைக் கண்டுபிடித்தது. கொக்கியின் முனையை அதன் அடியில் கொடுத்தாள். தோல் கிழியாமல், அவசரமில்லாமல். அறுத்தாள். சூடாக ஏதோ முதுகில் இறங்கியது. இரண்டாவது தையல். அறுத்தாள். மூன்றாவதற்கு நகர்ந்தபோது, முதல் தையல் இருந்த இடத்தில் ஊசி ஏறியது.

அவள் நிறுத்தவில்லை. அறுத்தாள். அது தைத்தது. அறுத்தாள்.

எதிரே கருநீலத் திரை, அடி மடிக்காமல், அசையாமல், தன் கனத்தில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் மஞ்சள் சுவரில் அவள். கணுக்கால்களைச் சுற்றி வெள்ளைக் கோடு, புதிதாக, அழுத்தமாக. கோட்டுக்குக் கீழே இரண்டு பாதங்கள். பாதங்களுக்கும் தரைக்கும் நடுவே, இறங்குவதற்காக விட்டுவைத்த ஒரு விரல் இடைவெளி.