தூங்காத எலிகள்

காலை 10.20. சூட்டுத் தட்டில் விட்ட எலி நான்காவது நொடியிலேயே காலை உதறியது. மருந்து செலுத்திய எலி பன்னிரண்டு நொடியாவது தாங்க வேண்டும். அடுத்த நான்கு எலிகளும் அப்படியே துள்ளின. ஆறு வருடம் பாடுபட்டு ஒரு செடியிலிருந்து அந்த வலிநிவாரணியைப் பிரித்தெடுத்த அம்புஜவல்லி கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணிக்கு நிபுணர் குழு வருகிறது. அவர்கள் முன்னாலும் இப்படியே ஆனால் ஆய்வை இழுத்து மூடிவிடுவார்கள்.

"மருந்தைத் திருடிட்டு யாரோ தண்ணியை ஊத்தி வெச்சிருக்கா," என்றான் அவளுடைய உதவி ஆய்வாளன் ஸ்ரீவத்ஸ்.

10.55. மைசூரு அக்ரஹாரத்து நெரிசலில் ஸ்கூட்டரை வளைத்து ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள் சப்-இன்ஸ்பெக்டர் வைஷாலி. போலீசுக்கு வருமுன் பார்மசி படித்தவள். மருந்துக் குப்பியைப் பக்கத்து ஆய்வகத்துக்குச் சோதனைக்கு அனுப்பிவிட்டு எலிகள் இருந்த அறைக்குள் நுழைந்தாள். அம்புஜவல்லியும் பின்னாலேயே போனாள். பகலில் சுருண்டு தூங்க வேண்டிய எலிகள் கூண்டுக்குள் வட்டமடித்து ஓடிக்கொண்டிருந்தன. தண்ணீர்ப் புட்டிகளின் மூக்கில் எறும்பு மொய்த்தது.

"தண்ணி யார் வெச்சது?"

"நாந்தானுங்க," என்றாள் எலிகளைப் பராமரிக்கும் பொன்னம்மா. "ஆறு மணிக்கு. பில்டர் தண்ணிங்க. ஏழு மணிக்கு ஸ்ரீவத்ஸ் சார் எலிய எடை போடப் போனாருங்க. வேற யாரும் போகலைங்க."

வைஷாலி திரும்பினாள். "மேடம், உங்க மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்?"

"எனக்கும் ஸ்ரீவத்ஸுக்கும் மட்டுந்தான். இன்னும் வெளியில சொல்லலை. உடம்புல அடினோசின்னு ஒண்ணு இருக்கு, நரம்பை அடக்கி வலியைக் குறைக்கும். மருந்து அது வழியாத்தான் வேலை செய்யறது."

11.40. போன் வந்தது. குப்பியில் இருந்தது அசல் மருந்து.

"திருட்டே நடக்கலை," என்றாள் வைஷாலி. "ஸ்ரீவத்ஸ், புட்டியில எவ்வளவு காஃபீன் கலந்தீங்க?"

"என்ன உளர்றீங்க?"

"அடினோசின் உட்கார வேண்டிய இடத்துல காஃபீன் முந்திப்போய் உட்கார்ந்துக்கும். அப்புறம் மருந்து போட்டும் பிரயோஜனமில்லை, எலிக்குத் தூக்கமும் வராது. கசந்தா குடிக்காதுன்னு சர்க்கரையும் போட்டீங்க. அதுக்குத்தான் எறும்பு. பொன்னம்மாவுக்கு அடினோசின்னா என்னன்னே தெரியாது. நான் வர்ற வரைக்கும் மேடம் அந்த அறைக்குள்ள போகவேயில்லை. மிச்சம் நீங்கதான்."

ஸ்ரீவத்ஸ் நாற்காலியில் சரிந்தான். "மேடம் காப்புரிமையில என் பேரைச் சேர்க்க மாட்டேன்னுட்டா. இன்னிக்குத் தோத்தா, அப்புறமா நானே கண்டுபிடிச்சதாச் சொல்லிக்கலாம்னு..."

மாலை 3.10. அந்தத் தண்ணீரைத் தொடாத எலிகளைப் பொன்னம்மா மாடியிலிருந்து கொண்டுவந்தாள். மருந்து போட்டார்கள். அரை மணி கழித்து, குழு குனிந்து பார்க்க, முதல் எலி தட்டில் ஏறியது. வைஷாலி நொடி எண்ணினாள். நான்கு. எட்டு. பன்னிரண்டு. எலி மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பதினாலு," என்றாள் வைஷாலி.

அம்புஜவல்லி எலியை உள்ளங்கையில் ஏந்தி எடுத்தாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.