கொஞ்ச நேரம் தேடட்டும்

மதியச் சாப்பாட்டை முடித்து அறைக்கு வந்து, காயாத காலுறைகளை ஹீட்டரின் மேல் ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தபோதுதான் அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. 'பீப்' என்று ஒரே ஒரு தடவை. பக்கத்து அறையில் யாருடைய போனோ சார்ஜ் தீர்ந்து முனகுகிறது என்று நினைத்து அடுத்த காலுறையை எடுத்தாள். இருபது எண்ணும் நேரம் கழித்து மறுபடி 'பீப்'. இந்தத் தடவை கை அப்படியே நின்றுவிட்டது. சத்தம் பக்கத்து அறையிலிருந்து வரவில்லை, ஜன்னல் பக்கமிருந்து வந்தது. ஜன்னலுக்கு வெளியே அறை எதுவும் கிடையாது. பனிதான் இருந்தது.

விடுதியில் தனி ஆட்களுக்கான அறைகளெல்லாம் கீழ்த்தளத்தில்தான். மூன்று நாளாக விடாமல் கொட்டியதில் அவளுடைய ஜன்னல் முழுக்கப் புதைந்து போயிருந்தது. வெளியே நல்ல பகல் என்றாலும், வெளிச்சம் அத்தனை பனியையும் கடந்து உள்ளே வரும்போது நீலமாகி, கட்டில், நாற்காலி, அவள் கை எல்லாவற்றின் மேலும் மருந்துப் புட்டியின் நிறத்தைப் பூசியிருந்தது. ஈரக் கம்பளியின் வாடையும் ஹீட்டரில் தூசி பொசுங்கும் வாடையும் கலந்து மூச்சை அடைத்தன. மேலே, சாப்பாட்டுக் கூடத்தில், வெளியே போக வழியில்லாத கூட்டம் சீட்டாடிக்கொண்டிருந்தது. யாரோ தோற்றிருக்க வேண்டும், ஒரே சிரிப்பு.

தனியாக ஊர் சுற்றுகிறவர்களைத் திரட்டி, பனிச்சறுக்குக்கு மலைக்கு அழைத்துவரும் குழு அது. மொத்தம் பத்துப் பேர். ஒருத்தருக்கு ஒருத்தர் சொந்தமும் இல்லை, பந்தமும் இல்லை. பெயரைக் கேட்டு மறப்பதை விடத் தொழிலைச் சொல்லிக் கூப்பிடுவது சுலபம் என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கிற அவளுக்கு 'மெடிக்கல்' என்று பெயர். "மெடிக்கல், முட்டி கழண்டு கைக்கு வந்துடுச்சு, எதாவது மாத்திரை குடும்மா" என்று பேங்க்காரர் தினமும் வந்து நிற்பார். ஏன் தனியாக வந்தாய் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. இந்த மாதிரிக் குழுவில் அது ஒன்றுதான் நிம்மதி. போன வருஷம் இதே விடுதிக்கு, இதே மாதம், அவள் தன் தம்பியோடு வந்திருந்தாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. வழிகாட்டி கூட இந்த வருஷம் புது ஆள்.

பீப்.

அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். பீக்கன். பனிச்சரிவில் மாட்டிக்கொண்டால் ஆளைக் கண்டுபிடிக்க நெஞ்சில் கட்டிக்கொள்கிற சின்னக் கருவி. அதில் இரண்டு நிலை உண்டு. 'அனுப்பு' என்று வைத்தால் சத்தமே போடாமல் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே இருக்கும். யாராவது புதைந்துவிட்டால் மற்றவர்கள் தங்களுடையதை 'தேடு' என்று மாற்றிக்கொள்வார்கள். அப்போதுதான் கத்தும். தூரத்தில் இருந்தால் விட்டு விட்டு, கிட்டே வர வர அவசரமாக. விடுதிக்குள் வந்ததும் எல்லாரும் பீக்கனை அணைத்து, காலணி காயவைக்கும் அறையில் கொக்கியில் மாட்டிவிட வேண்டும்.

அவள் மாடிப்படி ஏறி அந்த அறைக்குப் போனாள். வழிகாட்டி பனிச்சறுக்குக் கட்டைகளுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது பீக்கன ஆன்ல விட்டுட்டாங்களா?"

"நானே பாத்து மாட்டுனேன். ஒம்பதும் ஆஃப். உங்களுதுதான் காணோம்."

"ரூம்ல இருக்கு."

"அணைச்சிட்டீங்கல்ல?"

"ம்" என்றாள். ஸ்வெட்டருக்குள், நெஞ்சோடு ஒட்டி அதன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கீழ சத்தம் கேக்குது. தேடுற சத்தம்."

அவர் சிரித்தார். "அது அதுபாட்டுக்குக் கத்தாதுங்க. ஒண்ணு தேடிக் கத்தணும்னா, இன்னொண்ணு எங்கயோ அனுப்பிட்டு இருக்கணும். ரெண்டு பேர் வேணும், கல்யாணம் மாதிரி. இந்தக் காத்துல வெளிய யாரு இருக்கப் போறா? அடைஞ்சே கெடந்தா காது இப்படித்தான் வேலையக் காட்டும். போய் ஒரு கை ஆடுங்க, போங்க."

அவள் போகவில்லை. கீழே இறங்கி வந்து கதவைச் சாத்தினாள். இப்போது இருபது எண்ண வேண்டியிருக்கவில்லை. பத்திலேயே வந்தது.

கழுத்துப் பட்டையை இழுத்து பீக்கனை வெளியே எடுத்தாள். போன வருஷம் வாங்கியது. தம்பியும் அவளும் ஒரே மாதிரி இரண்டு வாங்கினார்கள். பச்சை விளக்கு கண் சிமிட்டியது. ஒரு வருஷமாக அவள் அதை அணைக்கவே இல்லை. பேட்டரியை மட்டும் மாற்றுவாள். கடையில் வெள்ளைக் கோட்டுக்குள் இருக்கும், வீட்டில் தலையணைக்கு அடியில் இருக்கும். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அணைத்தாள். சத்தம் நின்றது.

நூறு வரை எண்ணினாள். ஒன்றுமில்லை. மேலே சீட்டுக் கலைக்கிற சத்தம் கூடத் தெளிவாகக் கேட்டது. மறுபடி போட்டாள்.

பீப்.

வெளியே, பனிக்குள், யாரோ தேடுகிறார்கள். அவளைத் தேடுகிறார்கள்.

போன வருஷம், அன்று காலை சாப்பாட்டு மேசையில் தம்பி எல்லார் முன்னாலும், "எங்கக்கா சறுக்க மாட்டா, உருளுவா. பூசணிக்கா மாதிரி" என்றான். மேசையே சிரித்தது. அவனும் வேண்டுமென்று சொல்லவில்லை, சின்ன வயதிலிருந்து அவன் அப்படித்தான், வாலு. ஆனால் அவளுக்கு மூக்கின் மேல் கோபம். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, சரிவில் எல்லாரையும் விட்டு விலகி மரங்கள் பக்கம் போய்விட்டாள். அப்போதுதான் மேலே பனி சரிந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, அவள் மேல் ஒரு தூள் கூடப் படவில்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்றபடி பார்த்தாள். வழிகாட்டி தலைகளை எண்ணினார், ஒரு தலை குறைந்தது. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. பீக்கனைத் தேடு நிலைக்கு மாற்றி, விழுந்து எழுந்து, மூக்கு ஒழுக, "அக்கா! அக்கா!" என்று கத்திக்கொண்டே சரிவின் நடுவில் ஓடினான்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் தேடட்டும், அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தாள்.

இரண்டு நிமிஷம் இருக்குமா? அதற்குள் பீக்கன் திரையின் அம்புக்குறி அவனை அவள் பக்கம் திருப்பிவிட்டது. மரத்தை நோக்கி வந்துகொண்டிருந்தான். அப்போதுதான் இரண்டாவது சரிவு வந்தது. அது பெரிது; மரங்களுக்கு முன்னாலேயே அவனை அடித்துக்கொண்டு போனது. தேடு நிலையில் இருக்கிற பீக்கன் எதையும் அனுப்பாது. அதனால் அவன் எங்கே புதைந்தான் என்று காட்டிக்கொடுக்க ஒன்றுமே இல்லை. ஒன்பது நாள் தேடினார்கள். கோடையில் பனி இளகிய பிறகும் தேடினார்கள். கிடைக்கவே இல்லை.

அம்மா இன்னும் போனில் கேட்கிறாள். "கடைசியா உன்னக் கூப்பிட்டானாடி?"

"இல்லம்மா. காத்துல ஒண்ணும் கேக்கல."

ஒரு வருஷமாக அதே பொய். சொல்லச் சொல்லத் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அவனிடம் ஒரே ஒரு தடவை பதில் சொல்லிவிட்டால் போதும், அதற்காகத்தான் அவள் மறுபடி இந்த மலைக்கு வந்தாள். கேட்க அவன் இருக்க மாட்டான் என்று தெரிந்தேதான் வந்தாள்.

பீப். பீப்.

இப்போது ஐந்து எண்ணுவதற்குள் வந்தது. சத்தம் ஜன்னலின் இடது மூலையில் இருந்தது, பிறகு நடுவுக்கு வந்தது. அதோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது. சரக், சரக் என்று, உறைந்த எதையோ விரலால் சுரண்டுவது போல. ஹீட்டர் சூடாகத்தான் இருந்தது, ஆனாலும் அவள் மூச்சு புகையாக வெளியே வந்தது. எழுந்து ஓடிவிட வேண்டும், மேலே போய் அந்தச் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்று கால் சொன்னது. பயந்துதான் போனாள். தன் தம்பிதான் என்று தெரிந்தும் பயந்தாள்.

பீக்கனை அணைத்தாள்.

சுரண்டல் நின்றது. எல்லாம் நின்றது. கண்ணாடியை ஒட்டிய வெள்ளை அசையவில்லை. அப்பாடா என்று அவள் சுவரில் சாய்ந்த நேரத்தில், பனிக்குள்ளிருந்து, மெல்லமாக, வழி தவறிய பிள்ளையின் குரலில் ஒரு வார்த்தை வந்தது.

"அக்கா?"

கொஞ்சம் தள்ளி, மறுபடி.

"அக்கா... எங்கக்கா இருக்க?"

குரல் வலது பக்கம் போனது. பிறகு திரும்பி வந்தது. பிறகு தூரமாக, தவறான திசையில், சரிவை நோக்கிப் போனது. அழுதுகொண்டே போனது. ஐயோ, இன்னும் தேடுகிறானே. தான் செத்தது கூடத் தெரியாமல், நான்தான் அடியில் கிடக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, ஒரு வருஷமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறானே. பாவி. நான் பாவி.

வாயைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதாள். இப்படியே விட்டுவிடலாம். அணைத்தது அணைத்ததாகவே இருந்தால் அவன் வர மாட்டான். தேடிக்கொண்டே இருப்பான், அவ்வளவுதான். அடுத்த வருஷமும், அதற்கு அடுத்த வருஷமும்.

பச்சை விளக்கை எரியவிட்டாள். பீக்கனை ஜன்னல் திண்டில் வைத்தாள்.

பீப். பீப். பீப்.

"இங்கதான்டா இருக்கேன்" என்றாள். குரல் எழும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை கத்தினாள். "தம்பி! இங்கதான்டா! அக்கா இங்கதான் இருக்கேன்!"

பீப் பீப் பீப் பீப்.

சுரண்டல் வேகமானது. வெறிபிடித்தது போல. கண்ணாடி அதிர்ந்தது. நீல வெளிச்சத்தின் நடுவில் ஒரு இடம் இருண்டது. சின்னதாக. பிறகு தலை அளவுக்கு. பிறகு தோள் அளவுக்கு.

ஜன்னல் கொண்டியை நீக்கினாள். கதவு உள்பக்கம் திறந்தது. பனி சரியவில்லை. சுவராக நின்றது. அதில் ஒரு விரல் முளைத்தது.

பிறகு கை.

கையுறை இல்லை. சாம்பல் நிறம். நகங்கள் இல்லை. விரல் நுனிகள் எலும்பு வரை தேய்ந்திருந்தன. மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட வாட்ச்.

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் ஆகலடா. நான் மாட்டல. நான் வெளியதான் நின்னேன். உன்னப் பாத்துட்டேதான் நின்னேன். என்ன மன்னிச்சிடுடா."

கை கேட்டதாகத் தெரியவில்லை. அவள் நெற்றியைத் தடவியது. கண்ணைத் தடவியது. மூக்கு. உதடு. புதைந்த ஆளைக் கண்டுபிடித்ததும் முதலில் முகம், வாயில் அடைத்த பனியை எடுக்க வேண்டும், மூச்சு அப்புறம் தானாக வரும் என்று பயிற்சியில் சொல்வார்கள். அவன் எதையும் ஒரு தடவை சொன்னால் பிடித்துக்கொள்வான்.

"வந்துட்டேன்க்கா" என்றது பனி. "பயப்படாத."

விரல்கள் அவள் வாய்க்குள் போயின.

வேண்டாம் என்று சொல்ல நாக்கைப் புரட்டினாள். நாக்கில் ஏதோ இடித்தது. குளிர்ச்சியாக. கெட்டியாக. விரல்கள் அதை வளைத்துப் பிடித்து, பதமாக, நோகாமல் வெளியே இழுத்தன.

ஒரு பிடி பனி.

அதைத் தரையில் போட்டுவிட்டுக் கை மறுபடி உள்ளே போனது. இன்னொரு பிடி. அவள் மூச்சை இழுத்தாள், வரவில்லை. மேலே யாரோ ஜெயித்துவிட்டு மேசையைத் தட்டினார்கள். இன்னொரு பிடி. தொண்டையிலிருந்து. இன்னொன்று, அதற்கும் கீழேயிருந்து. ஸ்வெட்டருக்குள் நெஞ்சுக்கூடு மெல்ல மெல்லக் கனத்து இறுகியது.

"இன்னும் கொஞ்சம்தான்க்கா" என்று அழுதுகொண்டே அவன் எடுத்துக்கொண்டிருந்தான். எடுக்க எடுக்க, அவளுக்குள்ளிருந்து பனி வந்துகொண்டே இருந்தது.