மங்காத பச்சை

இந்நேரம் பச்சை மங்கியிருக்க வேண்டும். ஸோர்னிட்சா பதினெட்டு வருடங்களாக இந்த இருட்டறையில் சிறுநீரகத் திசுக்களைப் பார்த்துவருகிறாள்; மைக்ரோஸ்கோப்பின் நீல ஒளி பட்ட சில நிமிடங்களில் சாயம் வெளிறத் தொடங்கும், அதற்குள் படம் எடுத்துவிடவேண்டும். இன்று படம் எடுக்கக் கை எழவில்லை. கால் மணி நேரமாகியும் பச்சை அப்படியே நின்றது.

அது அவள் தம்பி ல்யூபெனின் ஸ்லைடு. அவனுடைய இரண்டு சிறுநீரகங்களையும் அழற்சி தின்று தீர்த்தபின், மூன்று வருடத்துக்கு முன் தன் இடது சிறுநீரகத்தை அவனுக்குக் கொடுத்தவள் அவள்தான். எதிரியே இல்லாத இடத்தில் எதிரி வந்துவிட்டான் என்று கூவி, உடம்பின் காவற்படையை உடம்பின்மேலேயே ஏவிவிடும் தூதுப் புரதங்கள் அவனுக்குள் இருந்தன. அவை ஒட்டிய இடமெல்லாம் இந்தச் சாயத்தில் பச்சையாக ஒளிரும். அவள் கொடுத்த சிறுநீரகத்திலும் ஒளிர்ந்தன.

மேல்மாடி வார்டிலிருந்து அவன் போன் செய்தான். ஆஸ்பத்திரியின் உப்பில்லாச் சூப்பைத் திட்டினான். சாயங்காலம் யாருக்கும் தெரியாமல், பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனீட்சா ஒரு துண்டு கொண்டுவரச் சொன்னான்.

"பாத்துட்டியாக்கா?" என்றான் பிறகு.

"இன்னும் இல்லடா."

"பொய் சொன்னா உனக்கு அம்மா குரல் வந்துடுது." குரலைத் தாழ்த்தினான். "நீ குடுத்தத நான் காப்பாத்தலக்கா. மன்னிச்சுக்க."

போனை வைத்துவிட்டு, மைக்ரோஸ்கோப் விளக்கின் விசிறி முனகிக்கொண்டிருந்த அந்தச் சின்ன அறையில், சாயக் கரைசலின் தித்திப்பான வாடைக்கு நடுவே, மறுபடி கண்ணைப் பதித்தாள்.

ஓரத்தில் கறுப்பாக இருந்த ஒரு ரத்தக்குழாய் முடிச்சு இப்போது பச்சை.

நேற்றே உறையவைத்துச் சீவிய திசு. செத்த திசு. அதில் புதிதாக எதுவும் நடக்கமுடியாது.

அடுத்த முடிச்சு ஒளிர்ந்தது. அவள் வலது இடுப்பில் ஊசி குத்தியதுபோல ஒரு சூடு.

இன்னொன்று. இன்னொரு குத்து.

யாரோ கூப்பிட, யாரோ பதில் சொல்வதுபோல.

விளக்கை அணைத்தாள். விசிறி நின்றது. ஜன்னலில்லாத அறை. முழு இருட்டு. கை தானாக வலது இடுப்புக்குப் போய் அழுந்தியது, மிச்சமிருந்த அந்த ஒன்றின்மேல்.

குனிந்து பார்த்தாள்.

விரல்கள் தெரிந்தன. ஐந்தும். அவற்றின் இடுக்குகளில், வெள்ளை அங்கிக்கு அடியிலிருந்து, பச்சை.